பெற்றோரிடம் இல்லாதது பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அப்பா, அம்மா இருவரிடமும் இல்லாத ஒன்று பிள்ளைக்கு எப்படி வருகிறது? பள்ளியில் மெண்டல், 3:1 என்று படித்த ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் நாலு பிள்ளைகளில் கணக்காக ஒன்றுக்கு மட்டும் வருமா?

நீலகிரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சின்னது: பெற்றோரிடம் அது இருந்தது, வெளியே தெரியவில்லை. இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பட்டாணியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பக்கம் பட்டாணி விளைகிறது என்பதால் வகுப்புக்கு ஒரு கை காய் வாங்கிப் போவேன். ஒரு காயை உரித்து ஆறேழு மணிகள் வரிசையாக ஒட்டியிருப்பதைக் காட்டிவிட்டு, "இதில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பேன். ஒரு காய், அதனால் ஒன்று என்பார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பிள்ளை. ஒவ்வொரு சூலுக்கும் தனி மகரந்தத்தூள் வந்து சேர்ந்துதான் அந்த மணி உண்டாகிறது. ஒரே காய்க்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவை எல்லாம் கூடப்பிறந்தவை. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மெண்டல் 1856-லிருந்து 1863 வரை இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். காய்ந்தாலும் உருண்டையாக இருக்கும் ரகம் ஒன்று, காய்ந்தால் சுருங்கிப்போகும் ரகம் ஒன்று. மொட்டாக இருக்கும்போதே பிரித்து, மகரந்தத்தாள்களை நீக்கிவிட்டு, மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தடவினார். கிடைத்த விதைகள் அத்தனையும் உருண்டை. சுருக்கம் இருந்த இடமே தெரியவில்லை. அந்த விதைகளை நட்டு, 253 செடிகளைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். 7324 விதைகள் கிடைத்தன. 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, நீங்கள் படித்த அந்த 3:1. ஒரு தலைமுறை முழுக்கக் காணாமல் போயிருந்த சுருக்கம் கொஞ்சமும் மங்காமல் திரும்பி வந்துவிட்டது.

எப்படி? ஒவ்வொரு பண்புக்கான மரபணுவுக்கும் செடியிடம் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. உருண்டைக்கு 'உ', சுருக்கத்துக்கு 'சு' என்று வைத்துக்கொள்வோம். கலப்புச் செடி 'உசு'. பார்க்க உருண்டைதான், ஆனால் 'சு' உள்ளே பத்திரமாக இருக்கிறது. அது விதை உண்டாக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுக்கும் என்பது ரூபாய்க் காசைச் சுண்டுவது போல. தாய்ப் பக்கம் ஒரு காசு, தந்தைப் பக்கம் ஒரு காசு. தலை விழுந்தால் 'உ', பூ விழுந்தால் 'சு'. இரண்டு காசிலும் பூ விழுந்தால் மட்டுமே சுருங்கிய விதை. அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று.

என் மாணவர்களை இதைச் செய்தே பார்க்கச் சொல்வேன். ஒரு தடவை 36 பேர், ஆளுக்கு எட்டு முறை இரண்டு காசுகளைச் சுண்டினார்கள். ஒரு பையனுக்கு எட்டிலும் இரட்டைப் பூ விழவேயில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு ஐந்து முறை விழுந்தது. இருவரும் தாங்கள் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்தார்கள். அப்புறம் எல்லாருடையதையும் கரும்பலகையில் கூட்டினோம். 288-ல் 69. சரியாக 72 வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்ததே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

மெண்டலுக்கும் இதே அனுபவம்தான். அந்த 253 செடிகளில் ஒரு செடி 43 உருண்டை விதைகளும் இரண்டே இரண்டு சுருங்கியவையும் கொடுத்தது. இன்னொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியவை! அந்த ஒரு செடியை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் யாருக்கும் 3:1 என்று தோன்றியிருக்காது. அவர் இந்த ஒழுங்கில்லாத எண்களையும் மறைக்காமல் தன் கட்டுரையில் எழுதி வைத்தார். பாடப் புத்தகத்தில் 'உஉ', 'உசு', 'சுஉ', 'சுசு' என்ற நாலு சேர்க்கைகளையும் போட்ட கட்டம் மட்டும் இருக்கிறது, இந்த 14-ம் 15-ம் இல்லை. இருந்திருந்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் குழப்பமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சுருக்கம் போல மறைந்து நிற்கும் பண்பைக் குறிக்கும் 'ஒடுங்கு பண்பு' என்ற சொல்லும் சிலரைத் தவறாக நினைக்க வைக்கிறது, ஏதோ பலவீனமானது, அடிமைப்பட்டது என்று. சுருங்கிய பட்டாணியின் கதை 1990-ல் தெரிய வந்தது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதி உண்டு. 'சு' பிரதியில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே கூடுதலாக ஒரு டி.என்.ஏ. துண்டு செருகியிருப்பதால் நொதி சரியாக உருவாவதில்லை. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை கூடுகிறது, அதனால் விதை நிறையத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் தொய்ந்து சுருங்குகிறது. 'உசு' விதையில் ஒரு பிரதி வேலை செய்கிறது. விதையை உருண்டையாக வைத்திருக்க அது போதும். 'உ' மற்றதை அடக்கி வைக்கவில்லை, இருக்கும் வேலையைத் தனியாகச் செய்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு பிரதி போதாமல் போகும் பண்புகளும் உண்டு. அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருவது அதனால்தான்.

இனி, மெண்டல் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உருண்டை விதைகள் எல்லாம் உள்ளே ஒன்றுதானா என்று அவர் கேட்டார். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நட்டுத்தான் பார்க்க வேண்டும். உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே கொடுத்தன. 372 செடிகளில் இரண்டும் கலந்து வந்தன. ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. வெளியே ஒரே மாதிரி இருக்கும் மூன்றில் இரண்டு, 'சு'வைச் சுமந்துகொண்டிருந்தன.

இந்த 'மூன்றில் இரண்டு' எங்கள் ஊரில் வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. அரிவாள் செல் பண்பு இந்தியாவில் முதன்முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. அதற்கான மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இரண்டு பிரதிகளும் சேர்ந்துவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கும். பெற்றோர் இருவருமே ஒரு பிரதி உடையவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. முந்தின குழந்தைக்கு என்ன விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று நம்பியிருந்த ஒரு தாயிடம் நானே பேசியிருக்கிறேன். அடுத்த பிள்ளைக்கும் அதே நாலில் ஒன்றுதான். நாலு பிள்ளைகளில் ஒருவருக்குமே வராமல் போகவும் 100-க்கு சுமார் 32 வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பேருக்கு வரவும் செய்யலாம்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அண்ணனுக்கு இந்த நோய் இருக்கிறது, பாடம் முடிந்ததும் மேஜை அருகே வந்து நின்றாள். "டீச்சர், எனக்கு ஒண்ணுமே இல்லையே, நான் எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்டாள். கரும்பலகையில் 193, 372 இரண்டும் இன்னும் அழிக்காமல் இருந்தன. அவற்றைக் காட்டினேன். நோய் இல்லாத தங்கை என்றால் நாலு கட்டத்தில் ஒன்று ஏற்கெனவே அடிபட்டுவிட்டது, மிச்சம் மூன்றில் இரண்டு 'ஒரு பிரதி உடையவள்' என்ற கட்டங்கள். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். மறுவாரம் அம்மாவோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.