185 என்ற ஒற்றை எண்ணை நம்பி மாத்திரை கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 10 வயது, 6 கிலோ. இதய வால்வு கசிவுக்கு மருந்து போகிறது. வீட்டுக்கு வந்த ஒருவர் பிரஷர் பார்த்து மேல் எண் 185 என்றார், மெஷினும் விற்கிறார். அப்பத்தாவின் பிரஷர் மாத்திரையான 5 மி.கி. அம்லோடிபினில் பாதி கொடுக்கலாமா? - வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. பாதி என்றாலே 2.5 மி.கி. இந்த எடைக்கு டாக்டர் தொடங்குவதே 0.6 மி.கி. அளவில்தான். பிரஷர் ஒரேயடியாக இறங்கினால் நாய் சுருண்டு விழும்.

முதலில் அந்த 185 எப்படி வந்தது என்று பாருங்கள். அந்நியர் பிடித்து அழுத்தினால் பயத்தில் நாய்க்குப் பிரஷர் ஏறக்கூடும். கூட்டமில்லாத அறையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, 5 முதல் 10 நிமிடம் அமைதியாகப் படுக்க விடுங்கள். முன்னங்காலின் சுற்றளவை இஞ்சு டேப்பால் அளந்து, அதில் 30 முதல் 40 சதவீதம் அகலமுள்ள பிரஷர் பட்டையைக் கட்ட வேண்டும். 9 செ.மீ. காலுக்குச் சுமார் 3 செ.மீ. அகலம் சரி. பட்டை குறுகினால் அளவு பொய்யாக ஏறும், அகன்றால் குறையும். பட்டை இதய மட்டத்தில் இருக்கட்டும், 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி ஏறிவிடும். முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த 5 முதல் 7 அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

மணிக்கட்டில் கட்டும் மனித மெஷினை 'நாய்க்கும் ஆகும்' என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டுப் பிரஷர் அளக்கும் ஒரு டாப்ளர் கருவியும் நாலு அளவுப் பட்டையும் இருந்தால் இவர்களுக்கு வேலையே இல்லை. அதைக்கூடச் செய்து தராததால்தான் ஜனங்கள் இவர்களிடம் போகிறார்கள்.

ஒன்று முக்கியம். வால்வு முற்றிய சில நாய்களுக்குத் துடிப்பு தாறுமாறாகும். தானியங்கி மெஷின் சீரான துடிப்பை நம்பியே கணக்கிடுகிறது. துடிப்பு தவறினால் 110, 170, 140 என்று தாவும். அவற்றின் சராசரிக்கும் அர்த்தமில்லை. அப்போது டாப்ளரில் காதால் கேட்டுத்தான் அளக்க வேண்டும். மெஷின் காட்டும் துடிப்பு எண், நெஞ்சில் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே சந்தேகம் தெரிந்துவிடும்.

சரியாக அளந்தும் வெவ்வேறு நாளில் 160-க்கு மேல் நின்றால் அலட்சியம் வேண்டாம். பிரஷர் ஏற ஏற வால்வு வழியே பின்னுக்குக் கசியும் ரத்தமும் கூடும். வால்வு நோய் மட்டும் பிரஷரை ஏற்றுவது அபூர்வம் என்பதால் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். 180-க்கு மேலாகி, திடீரென்று பார்வை போனாலோ வலிப்பு வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். எந்தக் கால், எப்படிப் படுத்திருந்தது, பட்டை எத்தனை செ.மீ. என்று எழுதி வையுங்கள்; அடுத்த முறையும் அப்படியே அளக்க வேண்டும்.