கூட்டு ஒப்பந்தத்தில் விமானிக்கு என்ன பங்கு? ராயபுரம் வாசகரின் கேள்விக்குப் பதில்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஓர் இந்திய விமான நிறுவனத்தில் ஏ320 விமானத்தின் துணை விமானி. அந்த நிறுவனம் பெரிய விமானங்களை வெளிநாட்டு விமானிகளோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறதாம். அடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் வரப்போகிறது என்றும் பேச்சு. “அமெரிக்காவில் விமானிகள் சங்கம் இதற்காகவே சண்டை போடுகிறது என்கிறாள் மகள். துறைமுகத்தில் கன்டெய்னர் டெர்மினல் தனியாருக்குப் போனபோது எங்களுக்கு நடந்ததுதானா இது? அவள் வேலை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் முறையிட வேண்டும்? இல்லை, வேலையை விட்டுவிட்டு வளைகுடாப் பக்கம் போய்விடலாமா?” என்று கேட்கிறார்.

ஐயா, நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு வேறு ஏற்பாடுகள் கலந்திருக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம். விமானத்தை அதன் விமானிகளோடு வாடகைக்கு எடுப்பது ஒன்று. கேபின் ஊழியர்களும் சேர்ந்து வந்தால் வெட் லீஸ், கேபின் ஊழியர்களில் ஒரு பகுதியையோ எல்லாரையுமோ நம் நிறுவனமே போட்டால் டேம்ப் லீஸ். இதில் வேலை வெளியே போவது கண்ணுக்குத் தெரியும். விமானி அறைக் கதவைத் திறந்தால் உள்ளே வேறு நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருப்பார்.

கூட்டு ஒப்பந்தம் அப்படித் தெரியாது. இரண்டு நிறுவனங்கள் ஒரு தடத்தில் நேரப் பட்டியலையும் கட்டணத்தையும் கலந்து பேசி வைக்கும். பயணி யாருடைய விமானத்தில் ஏறினாலும் பணம் ஒரே கணக்கில் சேரும், முன்பே பேசிய விகிதத்தில் பிரியும். வெறும் கோட்ஷேர் என்றால் ஒருவர் விமானத்துக்கு இன்னொருவர் டிக்கெட் விற்பதோடு முடிந்துவிடும். இதில் வருமானமே பொது. அதனால் எந்த விமானம் பறந்தாலும் நிர்வாகத்துக்குச் சம்மதம். எந்த விமானம் செலவு குறைவோ அது பறக்கட்டும் என்று நினைப்பதும் வியாபாரத்தில் இயல்பு. விமானிக்கு அது ஒன்றல்ல. தன் நிறுவனத்தின் விமானம் பறந்தால்தான் அவருக்குப் பறக்கும் மணி, பெரிய விமானத்துக்கு மாறும் வாய்ப்பு, கமாண்ட் எனப்படும் கேப்டன் பதவி எல்லாம். நிறுவனம் லாபத்தில் இருக்கும்போதே விமானியின் வேலை சுருங்கலாம். சங்கங்களின் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அது நியாயமான கவலை.

இந்த முறைக்கு வழி திறந்தது அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனமும் நெதர்லாந்தின் கேஎல்எம்மும். போட்டியைத் தடுக்கும் கூட்டு என்று வழக்கு வராதபடி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1993-இல் அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. பிறகு அட்லாண்டிக் தடம் பெரும்பாலும் மூன்று கூட்டுகளின் கைக்குப் போனது: டெல்டாவும் ஏர் பிரான்ஸ்-கேஎல்எம்மும், யுனைடெட்டும் லுஃப்தான்சாவும் ஏர் கனடாவும், அமெரிக்கனும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும். பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக்கில் டெல்டா 2013-இல் 49 சதவீதப் பங்கையே வாங்கியது.

அமெரிக்க விமானிகள் கூட்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கமும் நிர்வாகமும் பேசிப் போடும் தங்கள் கூட்டுப் பேர ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்ற பகுதிக்குள் அதைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பறத்தல் யாருடைய வேலை என்று சொல்வது அந்தப் பகுதிதான். கூட்டுத் தடத்தில் மொத்தமாகப் பறப்பதில் இத்தனை பங்கு எங்கள் விமானிகளுக்கு என்று அதில் எழுதி வாங்கினார்கள்.

அப்படி எழுதி வாங்கிய பிறகும் ஏன் சண்டை? அளவுகோலில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன், மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஒரு தடத்தில் வாரம் 14 புறப்பாடு, ஆளுக்கு 7. நம் விமானத்தில் 180 இருக்கை, கூட்டாளியின் விமானத்தில் 350. புறப்பாட்டை எண்ணினால் சரிபாதி. இருக்கையை எண்ணினால் நம்முடையது 1,260, அவர்களுடையது 2,450. நம் பங்கு 34 சதவீதம்தான். ஒப்பந்தத்தில் ‘பறத்தலில் பாதி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு தரப்பும் தாங்கள் சொல்வதுதான் சரி என்று வாதாட முடியும். பெரிய விமானத்துக்குத்தான் சம்பளமும் கூடுதல் என்பதால் புறப்பாட்டை மட்டும் எண்ணும் ஒப்பந்தம் விமானிக்கு ஆபத்தானது. இருக்கையைத் தூரத்தால் பெருக்கிக் கணக்கிடலாம், பிளாக் ஹவர் எனப்படும் விமானம் கிளம்பி நிற்கும்வரையிலான மணிக்கணக்கை எடுக்கலாம். எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

சதவீதம் மட்டும் இருந்தாலும் போதாது. மேலே சொன்ன தடத்தில் அடுத்த வருடம் வாரம் 10 புறப்பாடுதான், ஆளுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பாதி என்ற வாக்கு மீறப்படவில்லை. ஆனால் நம் விமானிகள் வாரம் இரண்டு பறத்தலை இழந்துவிட்டார்கள். இதற்குத்தான் சதவீதத்தோடு ஒரு தரைமட்டமும் வேண்டும் என்கிறோம். மொத்தம் எவ்வளவு குறைந்தாலும் நம் விமானிகளின் மணிக்கணக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்ற எண் அது. தடம் வளரும்போது சதவீதம் காப்பாற்றும், சுருங்கும்போது தரைமட்டம் காப்பாற்றும்.

அடுத்தது காலம். மாதாமாதம் சரிபார்ப்பதா, மூன்று வருடத்துக்குச் சராசரி எடுப்பதா? டெல்டாவில் ஏர் பிரான்ஸ்-கேஎல்எம், அலிட்டாலியா கூட்டுக்கு மூன்றாண்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். 2015-இல் அந்தக் கணக்கு முடிந்தபோது டெல்டா விமானிகளின் பங்கு வாக்களித்த அளவுக்குக் கீழே இருந்தது, சங்கம் புகார் எழுப்பியது. இப்படி நீண்ட சராசரி வைத்தால் முதல் வருடமே குறைவது தெரிந்தாலும் ‘இன்னும் காலம் இருக்கிறதே’ என்ற பதில் வரும். காலம் முடியும்போது இழந்த பறத்தலைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. மிஞ்சுவது நஷ்ட ஈடும் புதுப் பேச்சுவார்த்தையும்தான். அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டம்தான் விமானத் துறைக்கும். இருக்கும் ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்ற தகராறு நடுவர் குழுவுக்குத்தான் போக வேண்டும், அதற்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆகவே மீறினால் என்ன பரிகாரம் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிக்கொள்வது நல்லது. கூட்டுத் தடத்தின் முழுக் கணக்கையும் சங்கம் பார்க்கலாம் என்ற உரிமையை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கணக்கு நிர்வாகத்திடம் மட்டும் இருந்தால் மீறலை யார் நிரூபிப்பது?

சரி, துறைமுகம். சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் டெர்மினல் 2001-இல் தனியார் இயக்கத்துக்குப் போனதை நீங்கள் உள்ளே இருந்து பார்த்தவர். ஒற்றுமை உண்டு, இயக்கம் வேறு கைக்குப் போகும்போது வேலையும் கூடவே போகும். ஆனால் அங்கே எந்த பெர்த், எந்தத் தேதி என்று ஊருக்கே தெரிந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நாள் வராது. குளிர்காலப் பட்டியலில் நம் விமானம் ஒன்று குறையும், கோடைப் பட்டியலில் கூட்டாளியின் விமானம் ஒன்று பெரிதாகும். பறக்கும் நேரப் பட்டியல் அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் மாறுகிறது. மகளின் சங்கம் ஒவ்வொரு முறையும் அதே பருவத்தின் முந்தைய வருடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பதிந்து வைக்கட்டும். கோடையைக் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் எதுவும் நிற்காது.

இனி நம் நாட்டு நிலைமை. டேம்ப் லீஸ் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. இண்டிகோ 2023-இலிருந்து துருக்கி நிறுவனத்தின் இரண்டு போயிங் 777 விமானங்களையும், 2025-இலிருந்து நார்ஸ் அட்லாண்டிக்கின் 787 விமானங்களையும் அப்படித்தான் ஓட்டியது. 2025 ஜூனில் டெல்டா, ஏர் பிரான்ஸ்-கேஎல்எம், விர்ஜின் அட்லாண்டிக் ஆகியவற்றோடு கூட்டாகச் செயல்படும் திட்டத்தையும் இண்டிகோ அறிவித்தது. இவை எல்லாம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். புதுப் பெரிய விமானங்கள் வந்து சேர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதுவரை தடத்தைப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு வேறு வழி குறைவு. லீஸுக்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. சங்கம் கேட்க வேண்டியது, லீஸ் முடியும் தேதியில் நம் விமானிகள் அந்த ரக விமானத்துக்குத் தயாராக இருப்பார்களா, பயிற்சி எப்போது தொடங்கும் என்பதைத்தான்.

உங்கள் மகள் முதலில் நியமனக் கடிதத்தையும், இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பயிற்சி பாண்டையும், அதில் ‘அவ்வப்போது திருத்தப்படும் நிறுவன விதிகளின்படி’ என்று சொல்லப்பட்ட விதிகளையும் ஒன்றாக எடுத்து வைக்கட்டும். மாதத்துக்கு இத்தனை மணி பறந்தாலும் பறக்காவிட்டாலும் சம்பளம் என்ற உத்தரவாதம் இருக்கிறதா, அந்த எண்ணை நிர்வாகம் தானாக மாற்றலாமா என்று பார்க்கட்டும். கூட்டுத் தடத்தில் வேலை சுருங்கினால் முதல் அடி அங்கேதான் விழும். சீனியாரிட்டி பட்டியல் எழுத்தில் இருக்கிறதா, பெரிய விமானத்துக்கு ஆள் எடுக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்பது அடுத்தது. தனிப்பட்ட நியமனக் கடிதத்தில் அமெரிக்க பாணி ஸ்கோப் விதியை எதிர்பார்க்க வேண்டாம். அது சங்கம் பேசி வாங்கும் ஒப்பந்தத்தில்தான் வரும். ரோஸ்டர் எனப்படும் பணிப் பட்டியல்களை மாதாமாதம் தன் சொந்தக் கணக்கில் சேமித்து வைக்கட்டும். நிறுவன ஆப்பில் மட்டும் இருப்பதை நம்பக்கூடாது.

முறையீட்டுக்கு வருவோம். இவ்வளவு சம்பளம் வாங்கும் விமானி தொழிலாளியா என்று பலரும் கேட்பார்கள். சம்பளம் அதிகம் என்பதாலேயே ஒருவர் அந்தச் சொல்லுக்கு வெளியே போய்விடுவதில்லை. செய்யும் வேலை நிர்வாக வேலையா, கண்காணிப்பு வேலையா என்பதுதான் கேள்வி. விமானிகள் தொழிலாளிகள்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பழைய தொழில் தகராறு சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கண்காணிப்பு வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி இல்லை என்று அது சொல்கிறது. கேப்டன் கண்காணிப்பவர் என்று நிர்வாகத் தரப்பு வாதாட இடமுண்டு, துணை விமானியிடம் அந்த வாதம் பலவீனமாகத்தான் இருக்கும்.

விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வருகிறது. அதனால் நம் மாநில தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அலையாதீர்கள். நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம்தான் சரியான இடம். பணி நேரமும் ஓய்வும் மட்டும் டிஜிசிஏ விஷயம், வேலைப் பங்கீட்டில் அது தலையிடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வேலையை விட்டு நீக்கினால் தனி ஆளாகவே தகராறு எழுப்பலாம். பறத்தல் பங்கு, சீனியாரிட்டி போன்ற பணி நிபந்தனைகளுக்கு அப்படி முடியாது, சங்கமோ கணிசமான சக ஊழியர்களோ சேர வேண்டும். ஊதியம், வேலை நேரம் போன்றவற்றை மாற்றுவதற்கு 21 நாள் முன்பு நிர்வாகம் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஓசையில்லாமல் உத்தரவாத மணியைக் குறைத்தால் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

மகள் இன்னும் சங்கத்தில் சேரவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சேரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெரம்பூரில், 1918-இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. மில் நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் நடத்தினாலே நஷ்ட ஈடு கேட்பார்கள் என்ற நிலையை மாற்றத்தான் 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வட சென்னைக்காரர் மகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். புதிய தொகுப்பின்படி ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீத உறுப்பினர்கள் கொண்ட சங்கமே தனியாகப் பேசும் உரிமை பெறும். எந்தச் சங்கத்துக்கும் அது கிடைக்காவிட்டால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் உறுப்பினர் கொண்ட சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். ஒவ்வொரு துணை விமானியும் உறுப்பினர் ஆவதற்கு இப்போது எண்ணிக்கையிலேயே மதிப்பு இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பு பேசினால்தான் ஸ்கோப் விதி கிடைக்கும். கையெழுத்தான பிறகு நிர்வாகம் எதற்காக விட்டுக்கொடுக்கும்?

வளைகுடா வேலை பற்றி. அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. டிஜிசிஏவின் 2017 விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் நோட்டீஸ் தர வேண்டும். நிறுவனம் சம்மதித்து என்ஓசி என்ற தடையின்மைச் சான்று கொடுத்தால் முன்னதாகப் போகலாம். பாண்ட் காலம் முடியாவிட்டால் பணமும் கட்ட வேண்டிவரும். போகிற இடத்தில் சீனியாரிட்டி முதலிலிருந்து தொடங்கும், அங்கே சங்கம் இருக்குமா என்பதும் சந்தேகம். கமாண்டுக்கு எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று சீனியாரிட்டி பட்டியலில் மகள் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு வருடத்துக்குள் முறை வரும் என்றால் இங்கேயே இருக்கட்டும். அதற்கு மேல் போகும் என்றால் பாண்ட் முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, கையில் நியமனக் கடிதம் வந்த பிறகே இங்கே ராஜினாமா எழுதட்டும்.