ஆலம் சிவக்கிறதே, அது என்ன மாற்றம்?

பொருள்கள், அவற்றின் மாற்றங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (9-ஆம் வகுப்பு மாணவன்): சார், பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம். இப்படி மனப்பாடம் பண்ணினால் போதுமா?

பதில்: மார்க்குக்குப் போதும் தம்பி. ஆனால் உன் வீட்டு ஆரத்தித் தட்டே அதைப் பொய்யாக்கிவிடும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் போடு, செக்கச்சிவந்துவிடும். அதுதான் ஆலம். சுண்ணாம்பு ஒரு காரம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் மூலக்கூறிலிருந்து அது ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது, நிறம் மாறுகிறது. சந்தேகமே இல்லாமல் வேதியியல் மாற்றம். இப்போது அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார். மறுபடி மஞ்சள்!

அரிசியை எடுத்துக்கொள். மிஷினில் கொடுத்து மாவாக அரைத்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் அதைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆனால் மாவிலும் இருப்பது அதே ஸ்டார்ச்தான், உருவம்தான் போச்சு. அதனால் இயற்பியல் மாற்றம். ‘திரும்புமா’ என்று கேட்காதே, ‘புதுப் பொருள் உண்டானதா’ என்று கேள்.

கேள்வி (இல்லத்தரசி): டப்பாவில் இருக்கும் கற்பூரம் தானாகவே குறைகிறதே?

பதில்: திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறதம்மா, அதன் பெயர் பதங்கமாதல். மூடியின் உள்பக்கம் பாருங்கள், பொடிப்பொடியாய்ப் படிகம் ஒட்டியிருக்கும். அதுவும் கற்பூரமேதான், சுரண்டி எடுத்து ஏற்றலாம். ஏற்றிய பிறகு கதை வேறு: கார்பன் டை ஆக்சைடு, நீராவி, தட்டில் கரி.

கேள்வி: தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழி ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா?

பதில்: அப்படி இருந்தால் காபி போடும் வீடெல்லாம் வெடித்திருக்கும்! பெரிய குமிழிகள் நீராவி. சூடேறும்போது பாத்திரத்தின் ஓரத்தில் முதலில் ஒட்டும் சின்னக் குமிழிகள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று.

கேள்வி: 916 நகை தனிமம்தானே?

பதில்: கலவை. 91.6 சதவீதம்தான் தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி உலோகங்கள். எங்கே தொட்டாலும் ஒரே சீராக இருப்பதால் ஒருபடித்தான கலவை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): ஐயா, உப்பு நீரில் கரைவதைப் பௌதிக மாற்றம் என்கிறோம். அயன்களாகப் பிரிகிறதே, அது இரசாயன மாற்றம் இல்லையா?

பதில்: இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. இங்கே இயற்பியல், வேதியியல் என்பதைத்தான் நீங்கள் பௌதிகம், இரசாயனம் என்கிறீர்கள். கரையும்போது அயன்கள், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்கள், புதிதாக உண்டாவதில்லை. உப்புக் கல்லுக்குள்ளேயே சோடியம் அயனும் குளோரைடு அயனும் அடுக்காக இருக்கின்றன. தண்ணீர் அவற்றைப் பிரித்துச் சூழ்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால் என் ஓட்டு பௌதிக மாற்றத்துக்கு. ஆனால் அயன்களுக்கு இடையிலான ஈர்ப்பு உடைகிறதே என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அவர்களைத் தள்ளிவிட முடியாது. இந்த எல்லைக்கோடு நாம் போட்டதுதானே.

கேள்வி (பெயின்டர்): சுண்ணாம்பு அடித்த சுவர் ரெண்டு மூணு நாள் போனால்தான் இறுகிப் பளிச்சென்று ஆகிறது. காய்வதாலா சார்?

பதில்: பாதிதான் காய்வதால். கிளிஞ்சலைச் சூளையில் சுடும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போய்விடுகிறது. சுட்டதைத் தண்ணீரில் போட்டால் உஸ்ஸென்று கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சின்ன வயதில் அந்தப் பானை மேல் கை வைத்துச் சுட்டுக்கொண்டேன். அடுப்பே இல்லாமல் அந்தச் சூடு! பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேகூட 1789-இல் போட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பைத் தனிமம் என்றே சேர்த்தார். 1808-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்த பிறகுதான் சேர்மம் என்று தெளிவானது. நீங்கள் சுவரில் அடித்ததும் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொள்கிறது. கடைசியில் சுவரில் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது பழைய கிளிஞ்சலில் இருந்த அதே பொருள். மூன்றும் வேதியியல் மாற்றம், அப்புறமும் புறப்பட்ட இடத்துக்கே வந்தாச்சு. முதல் கேள்வி கேட்ட தம்பி இதையும் குறித்துக்கொள்.