ஊசி போட இத்தனை வருஷப் படிப்பா?

பட்டர்வொர்த் அக்காவுக்கு,

சனிக்கிழமை ஃபெரியைப் பிடிக்கிற அவசரத்தில் வாசலில் நின்று கேட்டீர்களே, "மரத்துப்போக ஊசி போடுற வேலைக்கா இவ்ளோ வருஷம்?" என்று. அதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை.

எஸ்.டி.பி.எம். (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிக்குலேஷன் (பல்கலைக்கு முந்தைய படிப்பு) முடித்தபின் மருத்துவம் 5 வருடம், ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி 2, மயங்கவும் மரத்துப்போகவும் வைக்கும் மயக்கவியலில் முதுகலை 4. நடுவில் இடத்துக்குக் காத்திருப்பது தனிக்கணக்கு. நீண்ட வழிதான், மறைக்க மாட்டேன்.

அண்ணனுக்கு முன்கையில் பிளேட் வைத்த கதையைக் கேட்டுத்தான் உங்கள் மகளுக்கு மயக்க மருந்து டாக்டராகும் ஆசை வந்திருக்கிறது. "கை மடங்கி நெஞ்சு மேல கிடக்குன்னே நினைச்சேன், திரும்பிப் பார்த்தா பக்கத்துப் பலகையில நீட்டிக் கிடக்குது" என்றாராம். கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் கொத்தாகச் சேர்கின்றன. ஸ்கேன் திரையில் பார்த்தபடி அங்கே மருந்தை விட்டால் கை மட்டும் தூங்கும், ஆள் விழித்திருப்பார்.

நரம்பில் சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் வலி என்கிற செய்தி ஓடும். மருந்து அந்த வாசலை உள்பக்கமிருந்து அடைக்கிறது. சவ்வைத் தாண்டி உள்ளே நுழைய மின்னேற்றம் இல்லாத உருவம் வேண்டும். நுழைந்தபின் அடைக்க மின்னேற்றம் உள்ள உருவம் வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடுதல், அதனால் மருந்தில் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். வீங்கிய பல்லுக்கு ஊசி சரியாகப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஆறாம் படிவ வேதியியலில் வரும் அமில-காரச் சமநிலைதான் இது. அந்தப் பாடத்தைக் கண்டாலே மகள் ஓடுகிறாளா, உட்கார்ந்து போடுகிறாளா? எனக்கு முதலில் அது தெரிய வேண்டும்.

அடுத்தது அளவு. பூபிவாக்கேன் என்ற மருந்துக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம், 0.5 சதவீத மருந்தில் அது 24 மில்லிலிட்டர். அளவு சரியாக இருந்தாலும் ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். அதற்கு 20 சதவீதக் கொழுப்புப் பால்மத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள்.

"டாக்டர் சும்மா பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தாரு" என்று அண்ணன் சிரித்தாரே, அது சும்மா இல்லை அக்கா. மருந்து இரத்தத்தில் ஏறுகிறதா என்பதை, நாக்கு மரக்கிறதா, காதில் இரைச்சலா, பேச்சு குழறுகிறதா என்று அந்தப் பேச்சில்தான் பிடிப்பார்கள். இந்த 11 வருடமும் அந்தக் காதுக்காகத்தான்.

அவ்வளவு காலம் முடியாது என்றால், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) தகுதியோடு 3 வருட மருத்துவ உதவியாளர் டிப்ளோமா இருக்கிறது. பிறகு மயக்க மருந்துப் பிரிவுக்கான சிறப்புப் பயிற்சியும் எடுக்கலாம். அறுவை அறையில் அந்த டாக்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் வேலை. இதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை வேதியியல் தேர்வுத்தாள்களோடு மகளை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால், நான் கேட்பதற்கெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.