பாட்டிக்கு என்ன ஆச்சு?

வாசகர் கடிதம்:

“என் மகனுக்கு 16 வயது. 2023 ஆகஸ்டில் தென் கொரியாவில் நடந்த உலக சாரணர் ஜம்போரிக்கு (பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெருமுகாம்) அவன் தேர்வானபோது வீடே பூரித்துப்போனது. இரண்டு வருடம் பணம் சேர்த்து அனுப்பினோம். முகாம் தொடங்கிய இரண்டே நாளில் வெயில், மயக்கம், பூச்சிக்கடி, கழிப்பறை நாற்றம் என்று செய்திகள் வரத் தொடங்கின. எனக்குத் தூக்கம் போய்விட்டது. 3ஆம் தேதி இரவு ஃபோன் செய்தால், ‘நான் நல்லாத்தான் இருக்கேன்மா. எங்க அணியில ஒருத்தன் மயங்கி விழுந்துட்டான். அவன்கூட மருத்துவக் கூடாரத்துல இருக்கேன். அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டான். அவன்தான் அந்த அணியின் தலைவன். மறுநாளே சியோலில் வேலை பார்க்கும் என் தம்பியை அனுப்பி அவனை அழைத்துக்கொண்டோம். (பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் கிளம்பினான்.) மற்ற எட்டுப் பையன்களும் கடைசிவரை இருந்துவிட்டு வந்தார்கள்.

இவன் வந்து ஆறு வாரம் ஆகிறது. வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டான். சாரணர் ஸ்கார்ஃபை மடித்து அலமாரியின் அடியில் போட்டுவிட்டான். முகாமின் அதிர்ச்சி இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகலாமா? கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? இனி எந்த முகாமுக்கும் அனுப்பக் கூடாது என்கிறார் என் கணவர். அது சரிதானா?”

பதில்:

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. மூன்றும் கொஞ்சம் காத்திருக்கட்டும். நான் ஒன்று கேட்கிறேன். பாட்டிக்கு என்ன ஆச்சு?

வெயிலைப் பற்றி எழுதினீர்கள், கழிப்பறையைப் பற்றி எழுதினீர்கள். பாட்டியை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு கடிதத்தில் அவர் வரவே இல்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, தேறினாரா, படுத்திருக்கிறாரா, ஒரு சொல் கிடையாது. பதறியடித்து ஓடிவந்த பேரனுக்குக் கதவைத் திறந்துவிட்டதே அந்தப் பாட்டிதான் என்று ஊகிக்கிறேன். என் ஊகம் தப்பென்றால் எழுதுங்கள், இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பிள்ளைகளை ஊருக்கு வரவழைக்கப் பெற்றவர்கள் செய்யும் இந்த வேலையை நான் எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். விடுதியிலிருந்து கூப்பிட, வேலையை விடவைக்க, பிடிக்காத பெண்ணைப் பார்க்கவைக்க, எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டியோ தாத்தாவோ படுக்கையில் விழுந்துவிடுவார்.

நீங்கள் பயந்தது தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முகாம் நடந்த சேமன்கும் என்ற இடம், 33 கிலோமீட்டருக்குக் கடலில் சுவர் எழுப்பி மீட்டெடுத்த சேற்று நிலம். ஒதுங்க மரநிழல் கிடையாது. மழைத்தண்ணீர் வடியாமல் தேங்கி, பூச்சி பெருகிக் கிடந்த தரை. அங்கே 14 முதல் 17 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளையும் அவர்களோடு வந்த பெரியவர்களையும் சேர்த்து சுமார் 43,000 பேரை 35 டிகிரி வெயிலில் இறக்கினார்கள். 2ஆம் தேதி திறப்பு விழா இரவில் மட்டும் நூறு பேருக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டது. 2017இல் முடிவான இடம் அது. ஆறு வருடம் கையில் இருந்தும் இந்த லட்சணம். சாரணர் இயக்கம் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த வாசகம் ‘தயாராய் இரு’. பிள்ளைகள் தயாராகத்தான் போனார்கள், பெரியவர்கள்தான் தயாராகவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. உலக சாரணர் அமைப்பே 4ஆம் தேதி, முகாமைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளப் பாருங்கள் என்று நடத்தியவர்களிடம் சொன்னது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? பிரிட்டிஷ் குழுவில் ஏறக்குறைய 4,500 பேர். முதலில் வெளியேறியது அவர்கள்தான். மொத்தக் குழுவாக, தங்கள் தலைவர்களோடு, சியோல் ஹோட்டல்களுக்குப் போனார்கள். அமெரிக்கர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் அப்படித்தான் குழுவாகப் போனார்கள். கானூன் புயல் வருகிறது என்றதும் 8ஆம் தேதி மீதி அத்தனை பேரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் ஏற்றி, பல்கலைக்கழக விடுதிகளிலும் பயிற்சி மையங்களிலும் தங்கவைத்தார்கள். கூடாரங்கள் போயின, ஆனால் அணிகள் சேர்ந்தே இருந்தன. உங்கள் மகனுடைய எட்டுப் பையன்களும் அப்படித்தான் போயிருப்பார்கள். தலைவன் இல்லாமல்.

தலைவன் என்றால் வெறும் பட்டம் என்று நினைக்காதீர்கள். 1907இல், இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் சோதனை முகாம் நடத்தியபோதே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதிலிருந்த ஒரு பையன் கையில்தான் கொடுத்தார். சாரணர் இயக்கத்தின் முதுகெலும்பே அதுதான். பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்க முடியாது. உன் எட்டுப் பேரை நீதான் பார்க்க வேண்டும். உங்கள் மகன் அதை எப்படிச் செய்தான்? மூன்றாம் நாள் இரவு, மயங்கி விழுந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெற்ற தாய் கூப்பிட்டபோதும் ‘அப்புறம் பேசறேன்’ என்றான். அந்த வார்த்தையை நீங்கள் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

இந்த இடத்தில், பிள்ளைகளைத் தூர அனுப்பியிருக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘எப்படி இருக்கே?’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘நல்லா இருக்கேன்’ என்ற பதிலைத் தவிர வேறு வராது. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய், ஒன்றுக்குப் போகும்போது நிறம் என்ன, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், உன் பொறுப்பாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மஞ்சள் கடுத்திருந்தால், தலைசுற்றல் இருந்தால், பொறுப்பாளரைக் கூப்பிட்டு நிழலுக்கும் தண்ணீருக்கும் வழிசெய்யச் சொல்லுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு நிலையில் உங்கள் மகன் இருந்திருந்தால், அணியாவது தலைவனாவது, தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அவன் அப்படி இல்லை. தெளிவாகப் பேசினான், இன்னொருவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி.

அப்படியும் பயம் தாங்கவில்லை என்றால், உண்மையைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். ‘எங்களால் முடியவில்லை, மாமா வருவார், கிளம்பு’ என்று அதிகாரமாகச் சொல்லியிருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை, உங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. அவன் கத்தியிருப்பான். வந்து மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். இருக்கட்டுமே. அது நேருக்கு நேர் சண்டை, ஒருநாள் ஆறிவிடும்.

நீங்கள் செய்தது வேறு. இந்தப் பையனை எதைச் சொன்னால் நகர்த்தலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. வெயிலுக்கு அவன் நகரவில்லை, உங்கள் ஃபோனுக்கும் நகரவில்லை. பாட்டி என்றதும் நகர்ந்துவிட்டான். குடும்பம்தான் முதலில் என்று நம்புகிறவள் நான். இந்தப் பக்கத்தில் அதற்காக நிறைய வசவும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருகிறது. குடும்பம் முதலில் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். அவனும் அதை நம்பி, படுத்துக் கிடந்த ஒரு பையனையும் சேர்த்து எட்டுப் பேரை விட்டுவிட்டு ஓடிவந்தான். வந்து பார்த்தால் பாட்டி நடமாடிக்கொண்டிருக்கிறார். அவன் குடும்பத்தை நம்பியதற்குக் கிடைத்த கூலி அதுதானா?

இப்போது அந்த வாட்ஸ்அப் குழுவை யோசியுங்கள். கொரியா நினைவு வருகிறது, அதனால் விலகினான் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் கிளம்பிய அன்று அந்த எட்டுப் பேரிடமும் என்ன சொல்லியிருப்பான்? பாட்டிக்கு முடியவில்லை என்றுதான். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வழியனுப்பியிருப்பார்கள். கண் கலங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை, பதினாறு வயது. ஊர் திரும்பியதும் நல்ல பிள்ளைகள் என்ன கேட்பார்கள்? ‘பாட்டி எப்படி இருக்காங்கடா?’

இதற்கு அவன் என்ன பதில் எழுதுவான், சகோதரி? ‘எங்க அம்மா அப்பா பொய் சொன்னாங்க’ என்று உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ‘இப்போ பரவாயில்லை’ என்று அந்தப் பொய்யைத் தானும் தூக்கிச் சுமக்க வேண்டும். சாரணர் விதிகளில் முதல் விதியே ‘சாரணர் நம்பிக்கைக்குரியவர்’ என்பதுதான். அதைக் கை உயர்த்தி உறுதி சொல்லி வாங்கிய துணி அந்த ஸ்கார்ஃப். உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, பொய் சொல்லவும் வாய் வரவில்லை. குழுவிலிருந்து விலகி, ஸ்கார்ஃபை அலமாரிக்குள் போட்டுவிட்டான். ஆறு வாரமாக உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் அந்தப் பிள்ளை. நீங்கள் அதற்கு அதிர்ச்சி என்று பெயர் வைத்து ஆலோசகரைத் தேடுகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டிக்கு வயதாகிறது. ஒருநாள் நிஜமாகவே அந்த ஃபோன் போகும். அன்றைக்கு அவன் எங்கோ தூரத்தில் இருப்பான். ‘நிஜமாவா?’ என்று கேட்பான். புலி வருது கதை சின்ன வயதில் நீங்களே அவனுக்குச் சொல்லியிருப்பீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். இன்று இரவே கணவனும் மனைவியும் சேர்ந்து அவன் அறைக்குப் போங்கள். ‘பாட்டியைச் சொல்லிப் பொய்யாகக் கூப்பிட்டோம், தப்பு எங்களுடையது’ என்று சொல்லுங்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற வால் வேண்டாம். ‘பெத்த மனசு’ வேண்டாம். அழுகையும் வேண்டாம், நீங்கள் அழுதால் அவன் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவான், அவன் கோபம் உள்ளேயே தங்கிவிடும். அவன் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவனுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ‘பிள்ளையிடம் போய் மன்னிப்பா?’ என்று உங்கள் கணவர் கேட்கலாம். கேட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள்.

அதற்குப் பிறகு, அணியின் பொறுப்பாளருக்கும் அந்த எட்டு வீட்டுப் பெற்றோருக்கும் நீங்கள் எழுத வேண்டும். எழுதப்போகிறோம் என்று முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். மூன்று வரி போதும். பாட்டி நலம், பயத்தில் நாங்கள்தான் பொய் சொல்லிக் கூப்பிட்டோம், அவனுக்கு இது தெரியாது. வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. ஆறு வாரமாக அவன் தனியாகப் படும் வெட்கம் அது, இனி உங்களுடையதாக இருக்கட்டும்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பணத்தைக் கேளுங்கள், ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். மற்ற பெற்றோரோடு சேர்ந்து, பிள்ளைகளை அனுப்பிய குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விதிகளையும் பாருங்கள். நீங்களாக முன்கூட்டி அழைத்துக்கொண்டதால் உங்கள் பக்கம் பலவீனம்தான். ஆலோசகரிடம் போவதில் தப்பில்லை. இந்த மன்னிப்புக்குப் பிறகும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் கட்டாயம் போங்கள். அதற்கு முன்னால் போனால், அவன் அங்கேயும் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருப்பான்.

இனி அனுப்புவதா என்ற கேள்வியை உங்கள் கணவர் முடிவு செய்யத் தேவையே இருக்காது. அடுத்த ஜம்போரி 2027இல் போலந்தின் கதான்ஸ்கில். அன்றைக்கு இவனுக்கு இருபது வயது. பங்கேற்பாளனாகப் போகிற வயது முடிந்துபோயிருக்கும்; நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவது, இந்த வயதில் ஒரு தடவைதான் அகப்படும், அவனுடையது மூன்றே நாளில் முடிந்துவிட்டது. பதினெட்டு தாண்டியவர்களுக்குச் சேவைக் குழு என்று ஒன்று உண்டு. தண்ணீர் கொடுப்பது, வழிகாட்டுவது, மருத்துவக் கூடாரத்தில் உதவுவது என்று எல்லா வேலையும் பார்க்கும் குழு. அதற்குப் போக நினைத்தால் உங்களிடம் அனுமதி கேட்க மாட்டான். உங்களிடம் சொல்லிவிட்டாவது போக வேண்டும் என்றால் இன்று இரவு அந்த அறைக்குப் போங்கள்.

பாட்டியிடமும் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கூத்து அவருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும், மகன் சரியென்றால், அந்தப் பையன்களிடம் அவரையே ஃபோனில் பேசச் சொல்லுங்கள். மருத்துவக் கூடாரத்தில் படுத்திருந்தவனிடம் முதலில் பேசட்டும். அவன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று உங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.