சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ

கே: கம்ப்யூட்டரை ஆன் செய்யும் போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியில் 2032 என்று போட்டிருக்கிறதே, அதுவரைக்குமாவது தாங்க வேண்டாமா?

ப: அது வருடம் இல்லை சார், அளவு. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2032 என்ற பெயரே அப்படி வந்ததுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கடிகாரம் ஓடுவது இந்த 3 வோல்ட் பேட்டரியால். அது செத்தால் தேதி குழம்பும். தேதி குழம்பினால் நல்ல இணையதளங்களைக் கூட 'பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் மிரட்டும். நான் இதை வைரஸ் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன். தேதி மட்டும் மாறவே இல்லை.

பிளக்கை எடுத்துவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே புதியதை வையுங்கள். கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கே: தூசி தட்டலாம் என்று திறந்தேன். மூடிய பிறகு ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

ப: முதலில் ராமை, அதாவது மெமரி பட்டையைப் பாருங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கழற்றி மறுபடி அழுத்துங்கள். கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். பாதி உட்கார்ந்திருந்தாலும் பார்வைக்குச் சரியாகவே தெரியும். அப்புறம், பிராசஸர் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன பவர் வயர் உண்டு, அது கழன்றிருந்தாலும் இதே கதைதான். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அதில்தான் செருகியிருக்கிறதா? கடைசியாகக் கேட்டாலும் இது முக்கியமான கேள்வி. நான் ஒரு மணி நேரம் ராமோடு மல்லுக்கட்டியது இந்த வயர் இடம் மாறியதால்தான்.

கே: ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் ஆர்டர் என் மேசைக்கு வந்துவிட்டது. பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. காசு யார் கொடுப்பது?

ப: பாதி வரைக்கும் தெரியவில்லை என்கிறீர்களே, அதை நான் நம்புகிறேன். சர்வர் நம்புவாரா? சாப்பிட்டதற்குக் கொடுத்துவிடுங்கள்.

கே: சாப்பிடப் போன இடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் டம்ளர் சாய்ந்து கீபோர்டில் கொட்டிவிட்டது. ஹேர் டிரையர் போடலாமா?

ப: வேண்டாம். சூட்டில் கீகள் வளையும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். 'வேலை செய்கிறதா' என்று நடுவில் ஒரு தடவை ஆன் செய்து பார்க்கிறோமே, அதில்தான் பல லேப்டாப்களின் உயிர் போகிறது. கொட்டியது இனிப்பு பானம் என்றால் காய வைத்தால் மட்டும் போதாது, பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கே: எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. பரவாயில்லையா?

ப: மிஞ்சி வெளியே இருந்தால் பெரிய பாவமில்லை. மதர்போர்டு என்கிற பெரிய சர்க்யூட் பலகைக்கு அடியில் உருண்டிருந்தால் ஷார்ட் ஆகும். பிளக்கை எடுத்துவிட்டுப் பெட்டியை மெல்லச் சாய்த்துச் சத்தம் கேட்கிறதா பாருங்கள்.

நான் மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். ஒருமுறை அதே சட்டையோடு குடும்பத்துடன் சாப்பிடப் போய், குனிந்து கை நீட்டியபோது ஸ்க்ரூ நேராகத் தட்டில் விழுந்தது. எனக்குத் தெரியாது. வாயில் கடிபட்ட பிறகு சர்வரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். மேனேஜர் வந்தார், மன்னிப்புக் கேட்டார், பில் வேண்டாம் என்றார். அப்போது என் மனைவி என் பையைத் தடவி இன்னொரு ஸ்க்ரூவை எடுத்து, இலை போட்ட மாதிரி அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே ஜாதி.

பில்லுக்கு மேல் டிப்ஸும் கொடுத்தேன். அந்த சர்வர் இரண்டையும் டிஷ்யூவில் மடித்து என் கையில் கொடுத்து, "கம்ப்யூட்டரா சார்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஓட்டைதான் காலி. மற்றது எதனுடையதோ, இன்னும் டிராயரில் கிடக்கிறது.