கல்லீரலுக்கு இப்போது மணி என்ன?

கேள்வி: எனக்கு வயது 52. கடையை அடைத்துவிட்டு வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். வந்ததும் நான்கு தோசை. காலையிலும் அதே நான்கு தோசைதான். ஆனால், சர்க்கரையை ஏற்றுவது இரவுத் தோசைதான் என்கிறார் என் மனைவி. ஒரே மாவு, ஒரே கல். இதில் எப்படி வேறுபாடு வரும்?
— மளிகைக் கடைக்காரர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. தோசை மாறுவதில்லை, அதை ஏற்றுக்கொள்ளும் உடல்தான் காலைக்கும் இரவுக்கும் இடையில் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 14 பேருக்குக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரே உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, இரவில் உண்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது எட்டு மணிச் சாப்பாடு என்பதையும் கவனியுங்கள். உங்கள் இலை விழுவது அதற்கும் இரண்டரை மணி நேரம் கழித்து.

இதற்குக் காரணம் உடலுக்குள் ஓடும் கடிகாரங்கள். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு, கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு பொழுதைக் கணிக்கிறது. அதைத் தலைமைக் கடிகாரம் எனலாம். அது மட்டுமின்றி, கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு என ஒவ்வோர் உறுப்பின் செல்லுக்குள்ளும் மரபணுக்களால் இயங்கும் கடிகாரம் உண்டு. பழ ஈக்களில் இந்தப் பொறியமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

உறுப்புகளின் கடிகாரங்கள் மூளையின் சொல்லைக் கேட்பவைதான் என்றாலும், உணவு வரும் நேரத்தை அதைவிடக் கூர்ந்து கவனிக்கின்றன. எலிகள் இரவில் இரை தேடுபவை. அவற்றுக்குப் பகலில் மட்டும் தீனி வைத்த ஆய்வு ஒன்று ஜெனீவாவிலிருந்து 2000இல் வெளிவந்தது. அந்த எலிகளின் கல்லீரல் கடிகாரம் சில நாட்களில் தலைகீழாகத் திரும்பிவிட, மூளையின் கடிகாரமோ அசையாமல் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மனிதர்களிடமும் இதன் சாயலைக் காண முடிகிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்களுக்கு மூன்று வேளை உணவையும் ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். ஆறே நாட்களில் ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போனது. தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனினும், விழிப்போடு தொடர்புடைய கார்ட்டிசாலும் இடம் மாறவில்லை. அதாவது, ஒரே உடலில் மூளைக்கு ஒரு மணி, கல்லீரலுக்கு வேறு மணி.

இருட்டிய பிறகு சுரக்கத் தொடங்கும் மெலடோனின், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையும் தொட்டு அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. உறங்கப்போகும் நேரத்தில் தோசை வந்து இறங்கினால், பாதி ஷட்டர் இறக்கிய கடைக்கு மொத்தக் கொள்முதல்காரர் வந்த கதைதான்.

கடையைச் சீக்கிரம் அடையுங்கள் என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. உங்களுக்கு வியாபாரமே அந்த நேரத்தில்தான். ஆகவே டப்பாவில் கொண்டுபோய், ஏழரை மணிக்குக் கல்லாவில் அமர்ந்தபடியே இரவு உணவை முடித்துவிடுங்கள். வீடு திரும்பிய பின் பசித்தால் ஒரு டம்ளர் மோர் போதும். பசி இல்லாதபோதும், குடும்பத்தோடு உட்காருவதற்காக இரண்டாவது முறை சாப்பிடுவதுதான் பலரும் வழுக்கும் இடம்.

கேள்வி: மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. நள்ளிரவு ஒரு மணிக்கு கேன்டீனில் சாப்பிட்டால்தான் தெம்பாக இருக்கிறது. தவறா?
— செவிலியர், மதுரை

பதில்: பாஸ்டனிலேயே நடந்து 2021இல் வெளியான ஆய்வு உங்களுக்காகவே செய்தது போலிருக்கிறது. இரவுப் பணியைப் போன்ற சூழலில் 19 பேரை வைத்து, ஒரு பிரிவினருக்கு இரவிலும் பகலிலும் உணவு, மற்றொரு பிரிவினருக்குப் பகலில் மட்டும் உணவு என்று கொடுத்தார்கள். முதல் பிரிவினரின் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. விழித்திருந்தும் இரவில் உண்ணாதவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. பங்கேற்றவர்கள் சிலரே என்பதை மறக்கக் கூடாதுதான். ஆனாலும், முழுச் சாப்பாட்டைப் பணிக்குக் கிளம்பும் முன் ஏழு மணியளவில் முடித்துக்கொண்டு, ஒரு மணிக்கு அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டலோடு நிறுத்திப் பாருங்கள். கேன்டீன் பரோட்டாவைப் பகல் பணி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காலையில் நிறையவும் இரவில் குறைவாகவும் சாப்பிட்டால் தானாக எடை குறையுமா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தானாகக் குறையாது. 2013இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வு, குறையும் என்றுதான் சொன்னது. ஒரே 1,400 கலோரியில், காலையில் மிகுதியாக உண்ட பெண்கள் அதிகம் இளைத்தார்கள். ஆனால் 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எல்லா உணவையும் அளந்து கொடுத்துச் சோதித்தபோது, இரு முறையிலும் எடை ஒரே அளவில்தான் குறைந்தது. காலையில் மிகுதியாக உண்ட நாட்களில் பசி மட்டும் குறைவாக இருந்தது. தட்டில் விழுவதை அளந்த ஆய்வையே நான் நம்புகிறேன். பசி அடங்குவதும் சிறிய லாபமன்று. மாலை நான்கு மணிக்கு பஜ்ஜிக் கடையைக் கடந்து போக அது உதவும்.

கேள்வி: என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு, எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியமா? இரவு உணவை அடியோடு விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முதல் கேள்விக்கு, ஆம். நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், காயும் கோழியிறைச்சியும் முதலில் உண்டு, ரொட்டியைப் பின்னால் உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. நீங்கள் கூட்டையும் பொரியலையும் வெறுமனே சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றில் கை வையுங்கள். சாம்பாரோடு பிசைந்து எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்கினால் இந்தப் பயன் கிடைக்காது.

இரண்டாவது கேள்விக்கு, நீங்கள் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவரானால், விட வேண்டாம். உணவு வராத இரவில் அந்த மருந்து சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். நேரத்தை முன்னே நகர்த்துவதானாலும், மருந்தின் அளவையும் வேளையையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே செய்யுங்கள்.